சோற்றுப் பசையில் ஒட்டிய வாளுறை

செப்டம்பர் 1, திங்கள்
பி.பி. 152/96. உப்பு: 0

இந்த நோட்டு என்னுடையதல்ல. என் வீட்டுக்காரர் தளவாய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. தினமும் காலையில் அவருடைய பி.பி.யை அளந்து மேலே எழுத வேண்டும். சோற்றில் எவ்வளவு உப்புப் போட்டேன் என்று பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். அதற்குக் கீழே ‘குறிப்புகள்’ என்று போட்டு, பக்கம் முழுக்கக் காலியாக விட்டிருக்கிறார்கள். வழுவழுவென்று நல்ல ஜப்பான் காகிதம், வீணாக்க மனசு வரவில்லை. அதனால் இந்த இடம் இன்று முதல் எனக்கு. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தளவாய்க்கு எதையும் படிக்கிற பழக்கம் கிடையாது. இதைவிடப் பத்திரமான இடம் எங்கே கிடைக்கும்?

சோற்றில் உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் உப்புப் போடாமல் உலை வைத்த ஒருத்தியைக் காட்டட்டும், பார்ப்போம். இருந்தாலும் “ஹாய்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஜப்பானிய வார்த்தை அது ஒன்றுதான். சரி என்பதற்கும் அதுதான், புரிகிறது என்பதற்கும் அதுதான், புரியவில்லை ஆளை விடு என்பதற்கும் அதுதான்.

இன்றிலிருந்து உப்பை அடியோடு நிறுத்தியாயிற்று. ஒரு சிட்டிகை எல்லாம் கணக்கில் வராது.

செப்டம்பர் 3, புதன்
பி.பி. 150/95. உப்பு: 0

வேலைக்குப் போனேன். ஐந்து மாதமாக வாரத்தில் ஐந்து நாள் போகிறேன். அதற்கு முன்னால் இந்த செக்கி ஊரில் நான் வாய்விட்டுப் பேசியது தளவாயிடமும் பால்கனிக்கு வரும் ஒரு காக்காயிடமும்தான். காக்காய் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கும்.

மிசாகோ-சான் (பெயருக்குப் பின்னால் ‘சான்’ போடுவது இங்கே மரியாதை) வாளுக்கு உறை செய்கிறவர். வயது நாற்பத்து மூன்று, என்னைவிட ஐந்து கூட. குட்டையான உருவம், பெரிய குரல், பட்டறை ரேடியோவில் எப்போதும் பேஸ்பால். உலகம் முழுக்க இருந்து வாள் பைத்தியங்கள் ஆர்டர் அனுப்புகிறார்கள். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் வரிசை நிற்கிறது. அவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். நார்வேக்காரர் ஒருவர் வாரத்துக்கு மூன்று கடிதம் போடுகிறார், மூன்றிலும் “என் உறை ஆயிற்றா?” என்ற ஒரே கேள்விதான்.

ஜப்பானியமும் அரைகுறை ஆங்கிலமும் சைகையுமாக மிசாகோ-சான் பேசுவதை நம்மூர்த் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதினால்தான் அந்தம்மாவின் அதட்டல் எனக்குக் கேட்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்
பி.பி. 151/96. உப்பு: 0

இன்று ஒரு வாள் வந்தது. கொல்லர் ஒகாதா நீலப் பட்டுத்துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். ஆற்று மணலில் இருக்கும் இரும்பைக் கரியோடு சேர்த்து மூன்று நாள் களிமண் உலையில் எரித்து எடுத்த எஃகாம். அதைக் காய்ச்சி அடித்து, மடித்து, மறுபடி அடித்து, பன்னிரண்டு தரம் மடித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் அடுக்கு. எனக்கு பஸ் ஸ்டாண்டு பரோட்டா மாஸ்டர் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

பிறகு களிமண் பூசுவார்களாம், முதுகுப் பக்கம் தடிமனாக, வெட்டும் பக்கம் லேசாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் லேசாகப் பூசிய பக்கம் சட்டென்று ஆறி இறுகிவிடும், முதுகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு அலைக்கோடு விழுகிறது. அதற்கப்புறம் சாணை பிடிக்கிறவர் ஏழெட்டு விதக் கல்லில் மூன்று வாரம் தேய்த்திருக்கிறார். நான் குனிந்து, “இந்தக் கோடு...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மிசாகோ-சான் என் வாயைப் பொத்திவிட்டார்.

“வாள் மேல பேசாத. எச்சி தெறிச்சா துருப்பிடிச்சிரும்.”

வாளுக்குப் பூசுவது கிராம்புத் தைலம். நமக்குப் பல்வலிக்கு, இங்கே வாளுக்கு. பட்டறை முழுக்க பிரியாணி வாசனை. பக்கத்து மலைக்கோயிலில் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி திருவிழா, அதில் இந்த வாளைச் சாமிக்குக் காணிக்கையாக வைக்கிறார்கள். ஒகாதா பத்தாம் தேதி வந்து எடுத்துக்கொள்வார். அதற்குள் உறை வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி
பி.பி. 153/95. உப்பு: 0

தளவாய் என் சமையலைப் புகழ்ந்தார்: “உப்பில்லாமலே ருசியா இருக்கே செம்பகம், எப்படி?” கைப்பக்குவம் என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்
பி.பி. 152/97. உப்பு: 0

இன்று எனக்குப் பெருமையான நாள்.

உறைக்கு ஹோ மரம் என்று ஒன்றை எடுக்கிறார்கள். மெத்தென்று இருக்கும், பிசின் வடியாது. பத்து வருஷம் காய வைத்த பலகையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியின் உள்பக்கத்தையும் வாளின் வடிவத்துக்குக் குடைகிறார் மிசாகோ-சான். வாள் கழுத்தில் இருக்கும் செம்புப் பட்டை மட்டும்தான் உறையைப் பிடிக்க வேண்டும். மற்றபடி உள்ளே எங்கேயும் மரம் வாளைத் தொடக்கூடாது. ஒரு வாரமாக இதுதான் வேலை, ஒரு சீவு சீவுவார், உற்றுப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

குடைந்த பாதிகளை இன்று ஒட்ட வேண்டும். எதை வைத்து ஒட்டுகிறார்கள் தெரியுமா? சோறு! வெந்த சோற்றை மரப்பலகையில் போட்டு, மூங்கில் கரண்டியால் பருக்கை தெரியாமல் அரை மணி நேரம் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி பசை வருகிறது. சின்ன வயதில் நான் பட்டம் ஒட்டிய அதே பசை.

மிசாகோ-சானுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. மூன்று வேளையும் ரொட்டிதான். பசைக்கு எப்போதும் கடையில் வெந்த சோற்றுப் பொட்டலம் வாங்குவார். இன்றைக்கென்று பார்த்துக் கடையில் பொட்டலம் தீர்ந்துவிட்டது. என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“வெள்ளைச் சோறா?”

“ஹாய்.”

“வெறும் அரிசியும் தண்ணியும்தான?”

“ஹாய்.”

“அப்ப கொண்டா.”

நான் பொங்கிய சோறு சாமி வாளுக்கு! மத்தியானம் எனக்குச் சாப்பாடு இல்லை, அவருடைய ரொட்டியில் பாதி கொடுத்தார். பசை தேய்த்துக்கொண்டே கேட்டேன், இத்தனை நல்ல பசையெல்லாம் கடையில் விற்கிறார்களே, எதற்குச் சோறு என்று.

“கடைப் பசையில ஒட்டினா ஜென்மத்துக்கும் பிரிக்க முடியாது. உள்ள துரு வந்தாலோ தூசி போனாலோ உறையைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணணும்லா? சோத்துப் பசைன்னா தட்டுனா பிரிஞ்சுரும், மரத்துக்கு ஒரு கீறல் விழாது. ஒட்டவும் செய்யணும், பிரிக்கவும் வரணும்.”

இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிறால் இறுக்கி, இடையில் ஆப்புகளைச் செருகி வைத்திருக்கிறோம். நானும் நாலு ஆப்பு அடித்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்
பி.பி. 153/96. உப்பு: 0

கயிற்றைப் பிரித்து, வெளிப்பக்கத்தைச் சீவி முடித்து, வாளை உள்ளே விட்டோம். சத்தமே இல்லாமல் போய், கடைசியில் ‘டுக்’ என்று ஒரு சின்னச் சத்தம். மிசாகோ-சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தரம். நார்வேக்காரருக்குக்கூட இன்று அன்பாகப் பதில் எழுதினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி
பி.பி. 156/98. உப்பு: 0

டாக்டரிடம் போனோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வரிசையாகப் பூஜ்யங்கள். இவ்வளவு கட்டுப்பாடாகச் சமைக்கும் மனைவியைப் பார்த்ததில்லை என்று என்னைப் பாராட்டினார். உப்பு காரணமில்லை என்றால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம் என்று சொல்லி, ஒன்றை இரண்டாக்கிவிட்டார்.

“ஹாய்” என்றேன்.

தளவாய் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தார். மாத்திரைப் பை என் மடியில் இருந்தது.

அக்டோபர் 1, புதன்
பி.பி. 154/97. உப்பு: 0

ஆயுத பூஜை. காலையில் பட்டறைக்குச் சந்தனமும் குங்குமமும் கொண்டு போனேன். இழைப்புளிக்கும் உளிக்கும் பொட்டு வைக்க மிசாகோ-சான் சம்மதித்தார், கைப்பிடியில் மட்டும். ரேடியோவுக்கு அவரே ஒரு பொட்டு வைத்தார், அவருடைய பேஸ்பால் அணி தோற்றுக்கொண்டிருந்ததாம். அப்படியே சாமி வாளுக்கும் ஒன்று என்று நான் கிண்ணத்தோடு திரும்பினேன். அலறிவிட்டார்.

“தண்ணி! வாளுக்கா!”

“ஒரு சொட்டுதான் மிசாகோ-சான்.”

“தண்ணியாவது பரவால்ல, பாத்த ஒடனே தொடச்சிரலாம். உப்பு பட்டாத்தான் தொலஞ்சோம். கை வேர்வையில உள்ள உப்பே போதும். தொட்டவன் ரேகை அப்படியே இரும்புல பதிஞ்சிரும். உப்பு காத்துல உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்து வச்சுக்கிடும்.”

அப்போது எனக்கு என் சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்தது. வேறொன்றுமில்லை, கழுவினேனா என்று.

இன்றைக்கு இவ்வளவுதான். தலைவலி.

அக்டோபர் 2, வியாழன்
பி.பி. 153/96. உப்பு: 0

ஒரு சிட்டிகை. ஒரே ஒரு சிட்டிகை. அதுவும் ஒரு பானைக்கு. அந்தப் பானையில் ஒரு டப்பா, அந்த டப்பாவில் பசைக்கு எடுத்தது முக்கால். சரி, ஒன்றரைச் சிட்டிகை என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக் கணக்கில் சிட்டிகை என்பது மூன்று விரலால் அள்ளுவது. கொஞ்சம் உள்ளங்கையும் சேரும்.

உள்ளே மரம் வாளைத் தொடாது என்று அந்தம்மாவே சொல்லியிருக்கிறார். தொடாது என்றால் தொடாதுதான்.

சும்மா ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். கடையில் இலவசமாகக் கொடுக்கும் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிளந்து இரண்டு குட்டி உறை செய்தேன். தளவாயின் சவர பிளேடு இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு என் சோற்றுப் பசை, இன்னொன்றுக்கு உப்பில்லாமல் தனியாக வேகவைத்த சோற்றுப் பசை.

“ஏ செம்பகம், ஏம் பிளேட எங்க?”

“தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு.”

அக்டோபர் 4, சனி
பி.பி. 155/97. உப்பு: 0

உப்பில்லாத பிளேடு பளபளவென்று இருக்கிறது.

மற்றதைப் பற்றி எழுத இஷ்டமில்லை. மட்டமான பிளேடு.

அக்டோபர் 5, ஞாயிறு
பி.பி. 155/98. உப்பு: 0

நார்வேக்காரர் பெயரில் மிசாகோ-சானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘அம்மணி, அந்தக் கோயில் வாளின் உறையை ஒரு தரம் பிரித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்கு மனதில் படுகிறது’ என்று. அவருக்கு ஏன் மனதில் படுகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் யோசித்தேன். நாலாவது யோசிக்கும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது, அழித்துவிட்டேன்.

சொன்னால் வேலை போகும். வேலை போனால் மறுபடி அந்தக் காக்காய்தான். ரேடியோ இல்லை, கிராம்பு வாசனை இல்லை, “செம்பா, இங்க வா” என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. சொல்லாவிட்டால் பத்தாம் தேதி ஒகாதா வந்து வாளை எடுத்துப் போவார். பன்னிரண்டு தரம் மடித்த வாள், மூன்று வாரம் தேய்த்த வாள், சாமி முன்னால் உறைக்குள் உட்கார்ந்து என் உப்பைத் தின்னும். எனக்கு பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்
பி.பி. 154/98. உப்பு:

சொல்லிவிட்டேன்.

காலையில் குட்டி உறை இரண்டையும் இந்த நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனேன். மிசாகோ-சான் ரேடியோவில் முழுகியிருந்தார். அவர் முன்னால் பிளேடுகளை வைத்தேன். ஒன்றில் சிவப்புப் புள்ளிகள்.

“இது என்ன?”

“இது வெறும் சோறு. இது நான் கொண்டு வந்த சோறு. நான் சோத்துல உப்பு போடுவேன் மிசாகோ-சான்.”

அவர் ரேடியோவை அணைத்தார்.

“அன்னைக்கு நான் கேட்டேன்லா? வெறும் சோறான்னு?”

“கேட்டீங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஹாய்னு சொன்னேன். நான் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவேன்.”

எழுந்து போய் உறையை எடுத்து வந்தார். வாளை உருவித் துணியில் வைத்தார். உறையின் ஓரத்தில் மெல்லிய மூங்கில் பட்டையைச் செருகி, சுத்தியலின் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினார். புளியம்பழ ஓடு மாதிரி இரண்டாகப் பிரிந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஒட்டிய இடம் முழுக்க ஈரக்கறை, தொட்டால் பிசுபிசுத்தது. பூதக்கண்ணாடியை வைத்து வாளை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முதுகுப் பக்கம், நுனிக்குக் கிட்டே, கடுகில் பாதி இருக்கும், ஒரு பழுப்புப் புள்ளி.

என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

“வாளுக்குத் தள்ளிப் போய் அழு,” என்றார் மிசாகோ-சான். “கண்ணீரும் உப்புதான்.”

சுவரோரமாகப் போய் நின்று அழுதேன். அதற்குள் ஒகாதாவுக்கும் சாணை பிடிக்கிறவருக்கும் போன் செய்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். என் பட்டறையில் நடந்த தப்பு என்றார், என் பெயரை எடுக்கவில்லை. சாணைக்காரர் நாளைக்கு வருகிறார். நகத்தளவு கல் ஒன்றை விரல் நுனியில் வைத்துத் தேய்த்தால் அரை நாளில் புள்ளி போய்விடுமாம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் போயிருக்காதாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மிசாகோ-சான் கையில் இந்த நோட்டு. தமிழ் தெரியாது, ஆனால் மேலே அச்சடித்திருக்கும் கட்டமெல்லாம் ஜப்பானியம். எண்கள் எல்லாருக்கும் பொது.

“ஒன் வீட்டுக்காரர் கணக்கா இது?”

“ஹாய்.”

“தெனமும் உப்பு பூஜ்யம்னு போட்டிருக்கு.”

இந்தத் தரம் என் வாயில் ‘ஹாய்’ வரவில்லை.

“செம்பா, வாளுக்கு ஒரு நாள் உப்புப் போட்டதுக்கு இந்தப் பாடு படுற. அந்த மனுசனுக்கு எத்தன நாளா போடுற?”

“டாக்டர் மாத்திரையக் கூட்டிட்டாரு,” என்றேன். எனக்கு மறுபடி அழுகை வந்தது, சுவரோரம் போனேன்.

“சரி. இந்த உறைய நான் பிரிச்சிட்டேன். அந்தக் கணக்க நீதான் பிரிக்கணும். நாளைக்கு வெறும் சோறு கொண்டு வா.”

“அப்ப... வேலை?”

“நீ போயிட்டா அந்த நார்வேக்காரனுக்கு யாரு பதில் எழுதுவா?”

அக்டோபர் 7, செவ்வாய்
பி.பி. 154/96. உப்பு: 0

உப்பு ஜாடியைப் பால்கனியில், காக்காய் உட்காரும் மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்படியும் உலை கொதித்ததும் என் கை தானாக அலமாரிக்குப் போனது. கையில் ஒரு அடி போட்டேன்.

பசைக்கும் அவருக்கும் ஒரே பானை. தளவாய் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னது இது, சவசவன்னு?”

“சாமி வாளே இந்தச் சோத்தைத்தான் திங்குது. உங்களுக்கு என்ன?”

பிறகு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டிகையைச் சொன்னேன், கைப்பக்குவத்தைச் சொன்னேன், டாக்டர் பாராட்டியபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

“சரி விடு,” என்றார், “பிளேடாவது புதுசு வாங்கித் தா.”

அவர் வேலைக்குப் போனதும் சிவப்பு மையால் முப்பத்தைந்து பூஜ்யத்தையும் அடித்துவிட்டு ‘1 சிட்டிகை (பெரிசு)’ என்று எழுதினேன். கை வலிக்கிறது.

பட்டறையில் சாணைக்காரர் புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டார். உறையின் ஒட்டிய பக்கங்களை மிசாகோ-சான் ஒரு சீவு சீவி, கறை போனதும் புதுப் பசை தடவினார். தடவுவதற்கு முன் பலகையிலிருந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

அக்டோபர் 8, புதன்
பி.பி. 150/94. உப்பு: 0

இன்று எழுத நோட்டைத் திறந்தால், இந்தப் பக்கத்தில் ஏற்கனவே எழுத்து இருக்கிறது. கோணல் மாணலாக, தளவாயின் எழுத்து:

‘செம்பகம், எல்லாம் படிச்சேன். செப்டம்பர் 1 முதல் நேத்து வரை, நீ குடுத்த டப்பாவுக்கு மேல, கம்பெனி கேன்டீன்ல தெனமும் ஒரு ராமென் நூடுல்ஸ். சூப்பையும் குடிச்சேன். பழிய நீ மட்டும் சுமக்க வேண்டாம். தளவாய். (பிளேடு எங்க போச்சுன்னு இப்பத் தெரிஞ்சுது.)’

சூப்பு! அந்தச் சூப்பில் என் சிட்டிகையைப் போல இருபது சிட்டிகை இருக்கும்! முப்பத்தைந்து பூஜ்யத்துக்கு உட்கார்ந்து கை வலிக்க எழுதியவள் நான், இந்த மனுஷன் தட்டை வழித்துத் தின்றுவிட்டுத் தியாகி மாதிரி எழுந்து போயிருக்கிறார். சாயங்காலம் வரட்டும்.

அக்டோபர் 10, வெள்ளி
பி.பி. 147/92. உப்பு: 0

ஒகாதா வந்தார். வாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாங்கள் மூச்சு விடாமல் நிற்க, ரொம்ப நேரம் முதுகுப் பக்கம் பார்த்தார். அப்புறம் உள்ளே விட்டார். ‘டுக்.’

உறையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இது யாரு பொங்கின சோறு?”

மிசாகோ-சான் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “நான்தான். போன தடவையும் நான்தான். போன தடவை உப்புப் போட்டிருந்தேன்.”

அவர் உறையைத் திருப்பி ஒட்டிய இடத்தைப் பார்த்தார். “பிரிச்சது யாரு?”

“மிசாகோ-சான்.”

“பிரிக்கச் சொன்னது?”

“நான்.”

நீலப் பட்டில் வாளைச் சுற்றிக்கொண்டு, எனக்கு எதிரே இடுப்பு வளைய ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார். பதிலுக்கு நானும் இடுப்பை வளைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு
பி.பி. 143/90. உப்பு: 0

நேற்று டாக்டர் சிவப்பு மையைப் பார்த்தார். தளவாயின் ராமெனையும் நாங்களே மொழிபெயர்த்துச் சொன்னோம். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு வாரம் இப்படியே ஒழுங்காக இருந்தால் மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்குவாராம். நான் எழுதும் பூஜ்யத்தை இனி எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இன்று மூன்று பேரும் திருவிழாவுக்குப் போனோம். படி ஏற ஏறத் தளவாய்க்கு மூச்சு வாங்கியது, ராமென் என்று மட்டும் சொன்னேன். மேலே சாமி முன்னால் வெள்ளைத்துணி விரித்து, அதன் மேல் உறைக்குள் வாள், வெறும் மரம் மாதிரி எளிமையாக. கும்பிட்டுக்கொண்டேன். மிசாகோ-சான் என் காதோரம், “நாளைலேருந்து நார்வேக்காரன் உறை. சோறு கொண்டு வந்துரு,” என்றார்.

டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதில் இறங்கி வரும்போதுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் இனி ஒரே பானை, அதில் தளவாய்க்குப் பாதி, பசைக்குப் பாதி. உப்பு: 0. நம்பாதவர்கள் வாளை உருவிப் பார்க்கலாம்.